கொசு தண்ணீர் மேல் நிற்கிறது, தேனீ மாட்டிக்கொள்கிறது: ஒரே பரல், ஏன் இப்படி?

தவறணைக்காரன்
ஞாயிறு, காலை 7.15

எல்லோருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தவறணையில், அதாவது கன்று வளர்க்கிற இடத்தில், வேலை செய்கிறேன். தேயிலைக் கன்றுகளுக்கு ஊற்ற மூன்று நீலப் பரலில் (பீப்பாயில்) தண்ணீர் பிடித்து வைப்போம். அதில் ஒன்றின் மூடி போன மாதம் காற்றில் பறந்துபோய்விட்டது. அதற்குப் பிறகு அந்தப் பரல் திறந்தபடியேதான் கிடக்கிறது.

நேற்று பள்ளிக்கூடம் இல்லாததால் என் மகளும் கூட வந்தாள். தரம் ஏழு படிக்கிறாள். பரலுக்குள் எட்டிப் பார்த்தவள் அரை மணி நேரமாக அங்கிருந்து நகரவில்லை. நானும் போய்ப் பார்த்தேன். குடம்பிகள் (கொசுப் புழுக்கள்) நிறைய, வாலை மேலே ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கின. எங்கள் தலை நிழல் விழுந்ததும் அத்தனையும் நெளிந்து அடியில் போய்விட்டன. அசையாமல் நின்றோம். ஒவ்வொன்றாக மேலே வந்து பழையபடி தொங்கின.

அப்புறம் பார்த்ததைத்தான் இங்கே எழுதத் தோன்றியது. கால்புள்ளி மாதிரி வளைந்த ஒரு கூட்டுப்புழு நீட்டி நிமிர்ந்து தண்ணீர் மட்டத்தில் கிடந்தது. அதன் முதுகு மெல்ல வெடித்தது. உள்ளிருந்து வெளிறிய ஒரு கொசு, யாரோ கீழிருந்து தள்ளுவதுபோல நேராக மேலே வந்தது. கால்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்துத் தண்ணீர் மேலேயே வைத்தது. நனையவில்லை, முங்கவும் இல்லை. சில நிமிஷம் அப்படியே நின்றது. இறக்கை காய்ந்ததும் பறந்துபோய்ப் பரலின் உள்சுவரில் உட்கார்ந்தது. வெறும் தோல் மட்டும் மிதந்தது.

அதே பரலில் அரை முழம் தள்ளி ஒரு தேனீ கவிழ்ந்து கிடந்து உதறிக்கொண்டிருந்தது. மகள் குச்சி கொடுத்து எடுத்துவிட்டாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "தண்ணி ஒண்ணுதானேப்பா, கொசு நிக்குது, தேனீ ஏன் மாட்டிக்குது?" எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிவிடு என்று இங்கே சொல்கிறார்கள். இந்தத் தண்ணீர் கன்றுக்குப் போகிறது. என்ன செய்யலாம்?

கொட்டகலை டீச்சர்
ஞாயிறு, காலை 9.40

தம்பி, உங்கள் மகளைப் பரலைப் பார்க்கவிட்டீர்களே, அதற்கு முதலில் நன்றி. விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு இந்த மாதிரிக் கேள்வி வகுப்பில் வருடத்துக்கு ஒன்று வந்தாலே பெரிய சந்தோஷம்.

தண்ணீரின் துணிக்கைகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நடுவில் இருப்பதற்கு எல்லாப் பக்கமும் துணை உண்டு. மேல்மட்டத்தில் இருப்பதற்கு மேலே துணை இல்லை, பக்கத்திலும் கீழேயும்தான். அதனால் மேல்மட்டம் தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும், இழுத்துக் கட்டிய சேலைத் துணிபோல நிற்கும். பரப்பு இழுவிசை என்று புத்தகத்தில் இருப்பது இதுதான். 20 பாகை வெப்பத்தில் இதன் அளவு மீற்றருக்கு 72.8 மில்லிநியூட்டன். அறை வெப்பத்தில் நாம் வீட்டில் புழங்கும் திரவங்களில் தண்ணீரை மிஞ்ச வேறில்லை. மண்ணெண்ணெய்க்கு இதில் பாதிகூடக் கிடையாது.

மகளுக்கு இப்படிக் காட்டுங்கள். ஒரு கோப்பை தண்ணீரில் மெல்லிய கடதாசித் துண்டைப் போட்டு, அதன் மேல் தையல் ஊசியைப் படுக்க வையுங்கள். கடதாசி ஊறி அடியில் போகும், ஊசி மேலே நிற்கும். ஊசியைச் சுற்றித் தண்ணீர் குழிந்திருப்பதைச் சாய்ந்து பார்த்தால் தெரியும். அந்தக் குழிதான் ஊசியைத் தாங்குகிறது. கொசுவின் ஒவ்வொரு காலுக்கும் கீழே அதே குழிதான்.

கொசு முங்காமல் இருப்பதற்கு இரண்டு காரணம். ஒன்று எடை. கொசு சுமார் 2 மில்லிகிராம். தேனீ அதைப்போல முப்பது, நாற்பது மடங்கு கனம். உடல் பெருக்கும்போது எடை வேகமாக ஏறும். தண்ணீரைத் தொடும் கால் விளிம்போ அந்த வேகத்தில் நீளாது. அதனால்தான் நமக்கு ஆறு கால் இருந்தாலும் நிற்க முடியாது, கொசு நிற்கும். இரண்டாவது காரணம் கால். கொசுவின் காலில் மீன் செதிள்போல நுண்ணிய செதிள்கள் அடுக்காக இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் வரிவரியாகப் பள்ளம். அந்தப் பள்ளங்களில் காற்று தங்கிவிடும். தண்ணீர் காலைத் தொடுவதாக நமக்குத் தெரிகிறது, உண்மையில் பெரும்பாலும் அந்தக் காற்றைத்தான் தொடுகிறது. சேம்பு இலையில் மழைத்துளி உருளுகிறதே, அதே சங்கதி.

தேனீ தண்ணீர் குடிக்க வரும், கூட்டைக் குளிர்விக்கவும் எடுத்துப்போகும். பரல் சுவர் வழுவழுப்பு, கால் பிடிக்க இடமில்லை. வழுக்கி விழுந்தால் இறக்கையின் கீழ்ப்பக்கம் தண்ணீரில் ஒட்டிவிடும். கொசுவைத் தாங்குகிற அதே இழுவிசைதான் தேனீயின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.

குடம்பி தொங்குவதும் இதனால்தான். அதன் வால் பக்கம் ஒரு மூச்சுக்குழாய் இருக்கிறது. நுனியில் ஐந்து மடல், பூ இதழ் மாதிரி. தண்ணீர் மட்டத்தைத் தொட்டதும் மடல்கள் விரியும். அவற்றில் எண்ணெய்ப் பசை உண்டு, தண்ணீர் ஒட்டாது. விரிந்த பூவில் தன் உடம்பைத் தொங்கவிட்டுக் காற்றை இழுக்கும். நிழல் விழுந்தால் மடல் மூடும், குடம்பி உள்ளே போகும்.

வெலிமடை மரக்கறி
ஞாயிறு, பகல் 12.20

நான் கோவாவும் (முட்டைக்கோஸ்) கரட்டும் போடுகிறவன். எங்கள் பக்கம் தண்ணீர்க் குழிகளுக்குப் பழைய எஞ்சின் எண்ணெய் ஊற்றுவது காலங்காலமாக இருக்கிற பழக்கம். அடுத்த நாளே குடம்பி செத்து மிதக்கும். நல்லாத்தான் வேலை செய்கிறது. ஆனால் போன வருஷம் அதே குழித் தண்ணீரை அவசரத்துக்கு நாற்று மேடைக்கு இறைத்தேன். இலை எல்லாம் கருகியது. தவறணைக்கார அண்ணே, பரலில் எண்ணெய் ஊற்றாதீர்கள்.

ஓய்வுபெற்ற பீ.எச்.ஐ.
ஞாயிறு, மாலை 5.05

கம்பளை, நாவலப்பிட்டி என்று பல வருடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக (பீ.எச்.ஐ.) வீடு வீடாகப் போய்ப் பரலுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தவன் நான். தோட்டத்தில் கொசு என்போம், சுற்றறிக்கையில் நுளம்பு என்று எழுதுவோம். எப்படிச் சொன்னாலும் அதன் வாழ்க்கை முழுக்க அந்த ஒரு தண்ணீர் மட்டத்தில்தான் நடக்கிறது. முட்டை அங்கே, மூச்சு அங்கே, பிறப்பு அங்கே. அந்த மட்டத்தை ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்தால் என்ன சாதி நுளம்பு என்று பூதக்கண்ணாடி இல்லாமலே சொல்லிவிடலாம்.

குடம்பி வால் ஒட்டித் தலைகீழாகத் தொங்கினால் அது கியூலெக்ஸ் அல்லது டெங்கு பரப்பும் ஈடிஸ். தண்ணீர் மட்டத்தோடு சமமாகப் படுத்திருந்தால் மலேரியா பரப்பும் அனோபிலிஸ். அதற்கு மூச்சுக்குழாய் கிடையாது, முதுகில் விசிறி மாதிரி மயிர்களை விரித்து மட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். சாப்பிடும்போது தலையை மட்டும் பாதி வட்டம் திருப்பி, மேல்மட்டத்துப் படலத்தில் இருப்பதை மேயும். முதன்முதல் அதைப் பார்த்த அன்று கழுத்து முறிந்த குடம்பி என்றே நினைத்தேன்.

முட்டையிலும் வித்தியாசம் உண்டு. கியூலெக்ஸ் தாய் தண்ணீர் மேலேயே நின்று, பின்கால் இரண்டையும் கவடுபோல வைத்து, நடுவில் முட்டைகளைச் செங்குத்தாக ஒட்டி அடுக்கும். இருநூறு முட்டைக்கும் மேலே சேர்ந்து ஒரு சின்னத் தெப்பமாகும். அரிசி மணி அளவுதான், புகைக்கரி மாதிரி நிறம். விரலால் அமுக்கினாலும் மறுபடி மேலே வந்து நிமிர்ந்து மிதக்கும். அனோபிலிஸ் தனித்தனியாக இடும், ஒவ்வொரு முட்டைக்கும் இரண்டு பக்கமும் காற்று மிதவை உண்டு. ஈடிஸ் மட்டும் தண்ணீரில் இடாது. தண்ணீருக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கிற சுவரில் கறுப்புப் புள்ளிகளாக ஒட்டிவிட்டுப் போய்விடும். தண்ணீர் ஏறி முட்டையைத் தொட்டால்தான் பொரிக்கும். தொடாவிட்டால் காய்ந்தபடியே மாதக்கணக்கில் காத்திருக்கும்.

இதைச் சரியாக உணர எனக்கே சில வருடம் பிடித்தது. ஒரு லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) எல்லாப் பரலையும் கவிழ்க்க வைத்தேன். இரண்டு வாரம் கழித்துப் போனால் மறுபடி குடம்பி. அந்தச் சனங்களைத்தான் முதலில் கடிந்துகொண்டேன். அவர்கள் மேல் பிழை இல்லை. கவிழ்த்தார்கள், சுவரைத் தேய்க்கவில்லை. தேய்க்கச் சொல்லாதது நான். முட்டை சுவரிலேயே இருந்திருக்கிறது, தண்ணீர் நிரப்பியதும் பொரித்துவிட்டது. அன்றிலிருந்து போகிற வீட்டிலெல்லாம் தேங்காய்த் தும்பும் கையுமாக நின்றேன்.

தவறணைக்காரத் தம்பி, உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். பரலைக் காலி செய்து, தண்ணீர் நின்ற கோட்டுக்குக் கீழும் மேலும் ஒரு சாண் அளவுக்குத் தும்பால் அழுத்தித் தேய்த்து, கழுவின தண்ணீரைக் கானில் (வடிகாலில்) விடாமல் வெயில் படும் நிலத்தில் ஊற்றுங்கள். வாயை நுண்வலைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். வாரத்துக்கு ஒரு தரம் இதைச் செய்தால் மண்ணெண்ணெய் தேவைப்படாது.

பேராதனைப் பையன்
ஞாயிறு, இரவு 8.30

சொந்த ஊர் பதுளை, இப்போது பேராதனையில் படிக்கிறேன். டீச்சர் சொன்னதற்குச் சில கணக்குகள் சேர்க்கலாம்.

கொசுவின் ஒரு காலைத் தனியாக எடுத்துத் தண்ணீரில் அமுக்கி அளந்திருக்கிறார்கள். மட்டம் கிழிவதற்கு முன் அந்த ஒரு கால் மட்டும் கொசுவின் முழு எடையைப்போல 20 மடங்குக்கு மேல் தாங்கியது. 2007இல் வந்த ஆய்வு இது. அதற்கு மூன்று வருடம் முன்பு, நீரோடையில் சறுக்கி ஓடுமே நீளக்கால் பூச்சி, அதன் காலை அளந்தார்கள். அதில் ஒரு கால் உடல் எடையின் சுமார் 15 மடங்கைத் தாங்கியது. தண்ணீர் மேலேயே வாழும் பூச்சிக்கு 15, வந்துபோகும் கொசுவுக்கு அதைவிட அதிகம். எனக்கு இது ஆச்சரியமாகவே இருந்தது. யோசித்துப் பார்த்தால், முட்டையிடும் நேரமும் தோல் உரித்து வெளியே வரும் நேரமும் கொசுவுக்கு உயிர்போகும் நேரம். அந்தச் சில நிமிஷத்துக்குத்தான் இவ்வளவு காப்பு.

அந்த ஓடைப் பூச்சியைப் பற்றியும் ஒன்று. அது காலால் தண்ணீரைத் தள்ளும்போது எழும்புகிற சின்ன அலைதான் அதை முன்னே தள்ளுகிறது என்று முன்பு நினைத்தார்கள். ஆனால் பிறந்த குஞ்சுப் பூச்சியின் கால் அலை எழுப்பும் அளவுக்கு வேகமாக அசையாது. தண்ணீரில் அலை பிறக்க வினாடிக்குக் குறைந்தது 23 சென்ரிமீற்றர் வேகம் வேண்டும். அப்படியானால் குஞ்சு எப்படி ஓடுகிறது? 2003இல் தண்ணீரில் சாயம் கலந்து படம் பிடித்துப் பார்த்தார்கள். கால் தள்ளும்போது மட்டத்துக்குக் கீழே அரைக்கோளமாகச் சுழல்கள் உருண்டு பின்னால் போகின்றன, பூச்சி முன்னால் போகிறது. தண்ணீரைக் கிழிக்காமல் துடுப்புப் போடுகிறது என்று சொல்லலாம்.

தேனீ பற்றி: 2019இல் ஓர் ஆய்வு வந்தது. தண்ணீரில் மாட்டிய தேனீ சும்மா உதறவில்லை. ஒட்டியிருக்கும் இறக்கையைச் சின்னதாக அசைத்துத் தண்ணீரைப் பின்னே தள்ளி, கரை நோக்கி மெல்ல நகர்கிறது. பறக்க அது போதாது. கரை பக்கத்தில் இருந்தால் ஏறிவிடும். பத்து நிமிஷம் அளவுக்கு அதனால் தாக்குப்பிடிக்க முடியும். உங்கள் மகள் குச்சி கொடுத்தது அந்தத் தேனீக்குக் கரை கொடுத்தது மாதிரி.

கடைசியாக, எங்கள் மழை நாட்டுக்காரர்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி. ஒரு பெரிய மழைத்துளி கொசுவைப்போல ஐம்பது மடங்கு கனம். விழுந்தால் நசுங்க வேண்டுமே? நசுங்குவதில்லை. கொசு காற்றில் மிக லேசு, துளியைத் தடுத்து நிற்பதில்லை, துளியோடு சேர்ந்து கொஞ்ச தூரம் கீழே போய் விலகிக்கொள்ளும். நிலத்துக்கோ தண்ணீர் மட்டத்துக்கோ மிக அருகில் பறந்தால்தான் ஆபத்து. விலக இடமிருக்காது, துளி அதைத் தண்ணீரில் அறைந்துவிடும்.

பீலிக்கரை
திங்கள், காலை 6.10

நீங்கள் எல்லோரும் எழுதியதை இரவு முழுக்க வாசித்தேன். என் தம்பிக்கு 2017இல் டெங்கு வந்தது. அந்த வருஷம் நாட்டில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேலே பேருக்கு வந்த காய்ச்சல். அவன் தப்பினான். இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த ஆறு நாளை நான் மறக்கவே மாட்டேன். ஒவ்வொரு நாளும் காலையில் இரத்தப் பரிசோதனை முடிவில் குருதிச் சிறுதட்டு எண்ணிக்கையைப் பார்க்கிற அந்த நேரம்.

எங்கள் பக்கத்துக் கட்டடம் ஒன்றில் கூரைப் பீலி முழுக்க இலை அடைத்துத் தண்ணீர் நிற்கும். இரண்டு தரம் வந்து புகை அடித்துவிட்டுப் போனார்கள். பீலியை யாருமே ஏணி வைத்துப் பார்க்கவில்லை. நாங்கள் சொன்னோம், அது எங்கள் வேலை இல்லை என்றார்கள். கடைசியில் எங்கள் லயத்துப் பையன்கள்தான் ஏறி அள்ளினார்கள். ஒரு சாக்கு நிறையக் கறுத்த இலை. அதில் நெளிந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் தொங்குகிறதை அது தொடாது. அதைத்தான் அன்று எடுத்துச்சொல்லத் தெரியாமல் நின்றேன். இப்போது தெரியும்.

ஒரு பக்கக் கதை. கொழும்புப் பக்கத்தார் கூரையில் தண்ணீர் வழியும் தகரத்தை மட்டும்தான் பீலி என்பார்கள். எங்களுக்குப் பீலி என்றால் ஊற்றுத் தண்ணீர் விழும் குழாய், துவைக்கிற இடம், குளிக்கிற இடம், ஊர்க்கதை எல்லாம். பேராதனைத் தம்பி சொன்ன நீளக்கால் பூச்சி எங்கள் பீலிக்கு மேல் பக்கம், கல்லுக்கு நடுவில் தேங்கிற தண்ணீரில் நிறைய உண்டு. வெயில் அடிக்கும்போது பூச்சியைப் பார்க்காமல் தண்ணீரின் அடியைப் பாருங்கள். மணலில் ஆறு கறுப்பு வட்டம் ஓடும். கால் மெல்லிசு நூல், நிழலோ கொட்டைப்பாக்கு அளவு. கால் அமுக்குகிற குழியில் ஒளி விலகிப்போவதால் அந்த வட்டம். சின்ன வயதில் அந்த வட்டங்களைப் பிடிக்கப் பார்த்து எத்தனை தடவை வழுக்கி விழுந்திருப்போம்.

பீலிக்குக் கீழ்ப் பக்கம், சவர்க்கார நுரை ஓடுகிற இடத்தில், ஒன்றுகூட இல்லை. ஏன் என்று இத்தனை வருஷமாக யோசித்ததில்லை.

கொட்டகலை டீச்சர்
திங்கள், பிற்பகல் 2.15

பீலிக்கரைத் தங்கச்சி, உங்கள் தம்பி தப்பியதற்குக் கடவுளுக்கு நன்றி.

நுரை ஓடும் இடத்தில் பூச்சி இல்லாததற்குக் காரணம் சவர்க்காரம்தான். அது தண்ணீரின் மேல்மட்டத்தில் பரவி இழுவிசையைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிவிடும். கால் மயிரும் நனையும். பூச்சி நின்ற இடத்திலேயே முங்கும். பூச்சிக்குக் காலடியில் தரை போய்விடுகிறது. துவைத்த தண்ணீரைக் கொஞ்சம் தள்ளி நிலத்தில் விட்டால் அந்தப் பகுதியில் பூச்சி திரும்பி வரும். அவை இறந்து விழும் சின்னப் பூச்சிகளைத் தின்னும், தண்ணீர் மேலே வரும் கொசுவையும் குடம்பியையும் பிடிக்கும். நமக்கு அவை வேண்டும்.

எண்ணெயும் இதே வேலையைத்தான் செய்கிறது, கூடவே மூச்சுக்குழாய்க்குள்ளும் புகுந்துவிடும். பூவிதழ் மடல் தண்ணீரைத்தான் ஒட்டவிடாது, எண்ணெயை இழுத்துக்கொள்ளும். குடம்பிக்கு ஒட்டிக்கொள்ள மட்டமும் இல்லை, உள்ளே இழுக்கக் காற்றும் இல்லை.

வெலிமடை மரக்கறி
திங்கள், இரவு 7.50

டீச்சர், அப்படியென்றால் எண்ணெய்க்குப் பதில் கொஞ்சம் சவர்க்காரத் தூள் போட்டால் போதுமா? கன்று கருகாதே?

இன்னொரு சங்கதி. எங்கள் பொலித்தீன் கூடாரத்துக்குப் பக்கத்தில் கறுப்புப் பொலித்தீன் விரித்து வைத்திருக்கிறேன், புல் முளைக்காமல் இருக்க. துளித் தண்ணீர் இல்லை. வெயிலில் தட்டான்கள் வந்து வாலால் அதைக் குத்திக் குத்திப் போகின்றன, குளத்தில் முட்டையிடுகிற மாதிரியே. போன மாதம் முழுக்கப் பார்த்தேன். அறிவு கெட்டதா அதுகளுக்கு?

பேராதனைப் பையன்
திங்கள், இரவு 9.25

அண்ணே, தட்டான் மேல் குறை இல்லை. அது தண்ணீரைக் கண்டுபிடிக்கும் முறை அப்படி.

வெயில் தண்ணீர் மட்டத்தில் பட்டுத் திரும்பும்போது ஒளி கிடைமட்டமாக முனைவாக்கம் அடையும், அதாவது அதன் அதிர்வு பெரும்பாலும் கிடையான ஒரே திசையில் இருக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது. தட்டான், நீர்வண்டு எனப் பல பூச்சிகளின் கண்ணுக்குத் தெரியும். மேலே பறந்துகொண்டே 'கிடைமட்ட முனைவு ஒளி எங்கே அதிகமோ அங்கே தண்ணீர்' என்று இறங்கும். கோடிக்கணக்கான வருடமாக அது பொய்த்ததில்லை. கறுப்புப் பொலித்தீன், கறுப்புக் காரின் கூரை, தார் ரோட்டு ஆகியவை தண்ணீரைவிட வலுவாக இந்த ஒளியைத் திருப்புகின்றன. தட்டானுக்கு உங்கள் பொலித்தீன் குளத்தைவிட நல்ல குளமாகத் தெரிகிறது. அங்கே இட்ட முட்டை அத்தனையும் காய்ந்துபோகும். முடிந்தால் மேலே கொஞ்சம் வைக்கோலோ மண்ணோ தூவிவிடுங்கள். பளபளப்பு போனால் அவை வராது. தட்டானின் குஞ்சு தண்ணீருக்குள் கொசுக் குடம்பியை ஏராளமாகத் தின்னும், அதனால் இது உங்களுக்கும் நல்லது.

ஓய்வுபெற்ற பீ.எச்.ஐ.
செவ்வாய், காலை 5.50

வெலிமடைத் தம்பி டீச்சரிடம் கேட்ட சவர்க்காரத் தூள் பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன். கவிழ்க்க முடியாத அழுக்குக் குழிக்கு ஓரிரு நாள் உதவும், அவ்வளவுதான். மழை பெய்தால், மண் கலந்தால் அதன் வலு போய்விடும். ஈடிஸ் முட்டை சுவரில் இருக்கும்வரை மறுபடி பொரிக்கும். குடிக்கிற, கன்றுக்கு ஊற்றுகிற தண்ணீருக்கு அது சரிப்படாது. தவளை, பூச்சி எல்லாவற்றுக்கும் சேதம். நமக்கு வேண்டியது தும்பும் மூடியும்தான்.

மலசலகூடக் குழிக்கு வேறு ஒரு வழி உண்டு. பெட்டிக்குள் பொருள் உடையாமல் வைக்கிற ரெஜிஃபோம், அதன் சின்ன மணிகளைக் குழியில் கொட்டுவது. கிழக்கு ஆபிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில் 1980களின் கடைசியில் செய்து காட்டினார்கள். மணிகள் ஒரு சென்ரிமீற்றர், இரண்டு சென்ரிமீற்றர் கனத்துக்குத் தண்ணீரை மூடிப் பாய்போல மிதக்கும். தாய்க்கொசு இறங்கத் தண்ணீர் கிடைக்காது, குடம்பிக்கு மூச்சுவிட மட்டம் கிடைக்காது. மருந்து எதுவும் இல்லை. வருடக்கணக்கில் இருக்கும். ஓடும் கானிலோ திறந்த குளத்திலோ போடக்கூடாது, மழையில் அடித்துப்போய் ஆற்றைக் கெடுக்கும். மூடிய குழிக்கு மட்டும்தான்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், தண்ணீர் மட்டத்தைப் பார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்று நம் நாடே ஒரு தடவை பார்த்திருக்கிறது. 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றிப் பாறைக்கும் மணலுக்கும் நடுவே சின்னச் சின்னக் குட்டைகளாக நின்றன. வெயில் படும் தெளிந்த குட்டை, அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற நுளம்புக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மழைநாடு, இங்கே மலேரியா வராது என்று நம்பியிருந்த பிரதேசத்தில் 1934–35இல் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். குளிர் அதிகமான மேல்மலை பெருமளவு தப்பியது, கீழ்மலை தப்பவில்லை. வெள்ளம் வந்தால்தான் கொசு என்று சனம் நினைக்கிறது. ஆறு வற்றினாலும் கொசுதான்.

2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா இல்லாத நாடென்று அறிவித்தது. அன்று நான் கண் கலங்கியது உண்மை.

பீலிக்கரை
செவ்வாய், மாலை 6.30

ஐயா, எங்கள் பக்கம் குளிர் அதிகம், டெங்குக் கொசு வராது என்று இன்னும் பலர் சொல்கிறார்கள்.

ஓய்வுபெற்ற பீ.எச்.ஐ.
செவ்வாய், இரவு 8.05

குளிரில் குடம்பி வளர நாள் பிடிக்கும் மகளே, அது உண்மை. கண்டியில் ஒன்றரை வாரத்தில் முடிகிற வளர்ச்சி மேலே பல வாரம் இழுக்கும். அதை நம்பிக்கொண்டு மாதக்கணக்கில் கவிழ்க்காமல் விட்ட பரலில்தான் அது முழு வளர்ச்சி அடைகிறது. தவறணைத் தம்பியின் பரல் ஒரு மாதம் திறந்து கிடந்தது, அங்கே பிறந்தது. காய்ச்சல்காரர் கொழும்பிலிருந்து பஸ்சில் வந்து இறங்கவும் செய்கிறார். குளிர் நமக்குக் கூடுதல் நாள் தருகிறது, அதில் தேய்த்துவிட வேண்டும்.

தவறணைக்காரன்
அடுத்த ஞாயிறு, பகல் 11.30

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று இருந்தேன்.

புதன்கிழமை பரலைக் காலி செய்தோம். தேய்ப்பதற்கு முன் பீ.எச்.ஐ. ஐயா சொன்ன கோட்டைப் பார்த்தேன். தண்ணீர் நின்ற அளவுக்கு இரண்டு விரல் மேலே, பாசிக்கு நடுவில், மிளகுத்தூள் தெறித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள். ஃபோனில் பெரிதாக்கினால் ஒவ்வொன்றும் நீள்வட்டம், மினுமினுப்பு. எண்ணத் தொடங்கி அறுபதுக்கு மேல் விட்டுவிட்டேன். தொங்கின குடம்பிகளைப் பார்த்துத்தான் நான் பயந்தேன், சுவரைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். தும்பால் இரண்டு தரம் தேய்த்து, தண்ணீரைக் கல் மேட்டில் வெயிலில் ஊற்றினோம். மற்ற இரண்டு பரலிலும் மூடிக்குக் கீழே தேய்த்தோம், அங்கேயும் கொஞ்சம் இருந்தது. இப்போது மூன்றுக்கும் பழைய கொசு வலையை வெட்டிச் சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டியிருக்கிறோம்.

காலி செய்ய முன் மகள் கொஞ்சக் குடம்பியை யோகட் கப்பில் எடுத்துவைத்துக்கொண்டாள். ஊசியும் மிதக்கவிட்டாள், மூன்றாவது தடவை நின்றது. பிறகு குடம்பி இருந்த கப்பில் ஈர்க்கு நுனியால் ஒரு துளி சவர்க்காரத் தண்ணீர் வைத்தாள். தொங்கிக்கொண்டிருந்தவை அதே நொடியில் கையை விட்டதுபோல இறங்கின. மேலே வரும், வாலை நீட்டும், ஒட்டாது, மறுபடி இறங்கும். திரும்பத் திரும்ப வந்தன. மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பாவமா இருக்குப்பா" என்றாள். பீலிக்கரை அக்காவின் தம்பி கதையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அதன் பிறகு கப்பைத் தானே கொண்டுபோய் நிலத்தில் ஊற்றினாள்.

தேனீக்கென்று ஒரு பழைய மண் தட்டில் கூழாங்கல்லும் குச்சியும் போட்டு, கல் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் வைத்திருக்கிறாள். பரலை மூடிவிட்டோம், அவை எங்கே போய்க் குடிக்கும் என்பது அவள் கவலை. இன்று காலை இரண்டு வந்தன. கல்லில் நின்று, தலையை மட்டும் தாழ்த்தி, தண்ணீரும் கல்லும் சேருகிற விளிம்பில் குடித்துவிட்டுப் போயின.

ஓய்வுபெற்ற பீ.எச்.ஐ.
ஞாயிறு, பகல் 12.10

நல்லது தம்பி. தட்டுத் தண்ணீரை ஒவ்வொரு நாளும் மாற்றச் சொல்லுங்கள். விளிம்பையும் கல்லையும் தேய்த்துக் கழுவட்டும்.